சின்னம்மா வைத்த பெயர்கள்

எங்கள் சின்னம்மா யாரையும் அவரவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒரு ஆளைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டால் போதும், அவருக்கு ஒரு பெயர் வைத்துவிடுவாள். மறுநாள் அது எங்கள் மீனவக் குப்பம் முழுக்கப் பரவியிருக்கும். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு நின்றுபோகும்.

எங்கள் கிராமத் தலைவர் சின்ன விஷயத்தைக் கூட ஊரைக் கூட்டித்தான் சொல்வார். அவர் 'மைக்செட்'. பொன்னேரி பஸ்ஸின் கண்டக்டர் கூடைகளை ஏற்றி முடிப்பதற்குள் விசிலடிப்பார். அவர் 'அவசரம்'. பழவேற்காட்டுக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் பாய், கேட்காவிட்டாலும் துணியை இன்னொரு தடவை அளந்து காட்டுவார். அவர் 'கெஜம் பாய்'. அவருக்கே அது பிடித்துப்போய், "கெஜம் பாய் கடைனு கேளுங்க, சின்னப் புள்ளைங்க கூட காட்டும்" என்று வெளியூர்க்காரர்களுக்குப் போனில் வழி சொல்வார்.

நான் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாம்பாரில் பருப்பே தெரியவில்லை என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டன. அன்றிலிருந்து நான் 'பருப்பு'. ஒருமுறை மேலதிகாரி வந்திருந்தபோது தலைமையாசிரியரே "பருப்பு மேடத்தைக் கூப்பிடு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. நான் வாழ்க்கைப்பட்டதும் அதே குப்பம் என்பதால் அவள் வீடும் என் வீடும் ஒரே தெருவில் இருந்தன. சித்தப்பா கடலில் இறந்துபோய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகன், மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூங்குவதால் அவனுக்கு 'ஷிப்ட்டு' என்று பெயர். அவன் பெண்டாட்டி பொன்னேரிக்கு அந்தப் பக்கம் நெல் விளைகிற ஊரிலிருந்து வந்தவள். கல்யாணமாகி வந்த மறுநாள் சமையலறைத் தரையில் உயிர் நண்டு ஓடுவதைப் பார்த்துக் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டாள். அவளுக்கு 'நண்டு' என்றே பெயர் வைத்தாள் மாமியார். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாள்.

எல்லாரும் அப்படிச் சிரித்துக்கொண்டு ஏற்றார்கள் என்று சொல்ல முடியாது. பேச்சு திக்குகிற வலைக்காரர் ஒருவருக்கு 'செல்ஃப் எடுக்கல' என்று வைத்தாள். அந்த மனுஷர் வெகுநாள் எங்கள் தெரு வழியாகவே போகவில்லை. பிறகு சின்னம்மாவே ஒரு சட்டி நிறைய எறாலைக் கழுவி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். "கோச்சிக்காதண்ணே, என் வாயி அப்டி" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் சமாதானமாகிவிட்டார். பெயர் மட்டும் போகவில்லை. நாங்கள்தான் அதை விடவில்லை.

மீன் மார்க்கெட்டில் அவள் நண்டும் எறாலும் விற்கக் கடை போடுகிற இடத்தில் எப்போதும் ஒரு கூட்டம் இருக்கும். நண்டு வாங்க வருகிறவர்களைவிட, அவள் வாயால் ஒரு பெயர் வாங்க வருகிறவர்கள் அதிகம். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து காரில் வருகிறவர்கள் கூட, "ஆயா, போன தடவ எனக்கு இன்னா பேர் வெச்சீங்க, ஞாபகம் இருக்கா" என்று கேட்பார்கள். அவள் ஒரு கண்ணைச் சுருக்கி, டக்கென்று சொல்லிவிடுவாள்.

அது எப்போது மாறத் தொடங்கியது என்று யாரைக் கேட்டாலும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். எனக்கு முதலில் தட்டுப்பட்டது, ஒரே ஆளுக்கு அவள் இரண்டாவது பெயர் வைத்ததுதான். தலைவர் தெருவில் போய்க்கொண்டிருந்தார். சின்னம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னா வெள்ள வேட்டி, எங்க கிளம்பிட்ட" என்றாள். பத்துப் பதினைந்து வருஷமாக அவர் மைக்செட். கூட நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மைக்செட் பழசாயிடுச்சாம்யா, கெழவி உனக்குப் புதுப் பேரு வெச்சிட்டா" என்று அவரிடம் போய்ச் சொன்னார்கள். அவரும் சிரித்தார்.

அந்த மழைக்காலத்துக்குள் தெருவில் பாதிப் பேருக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது. சிவப்பு ரவிக்கை, குட்டைப் பாவாடை, தொப்பி. எல்லாமே அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஏதோ ஒன்று. முன்பு அவள் வைக்கும் பெயர்கள் அப்படி இருக்காது. அந்த ஆளின் குணம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்க் குத்தும். இந்த வித்தியாசம் யாருக்கும் உறைக்கவில்லை. என்னை அவள் 'இவளே' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். வயசாகிவிட்டது, சின்னம்மாவுக்குப் பாசம் கூடிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எதைத் தவறவிட்டாலும் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பாள். அதில் அவளை மிஞ்ச முடியாது. மூக்குக்கண்ணாடியை இரண்டு நாள் தேடி, கடைசியில் ஐஸ் பெட்டிக்குள் எறாலுக்கு நடுவே கண்டெடுத்தார்கள். "வெயிலு தாங்காம அதுவே உள்ள போய்ப் படுத்துக்கினுச்சி" என்றாள். ஒரே கதையை ஒரே பஸ் பயணத்தில் இரண்டு தடவை சொன்னாள். நான் "இப்பதான சின்னம்மா சொன்ன" என்றேன். "உனுக்கு ஒரு தடவ சொன்னா ஏறாது" என்றாள். பஸ்ஸே சிரித்தது.

ஒருநாள் மார்க்கெட் முடிந்து வீட்டுக்குக் கிளம்பியவள், பாலம் தாண்டி எங்கள் பக்கம் திரும்பாமல் நேர் எதிர்ப்பக்கம் போயிருக்கிறாள். மூன்று குப்பம் தள்ளி ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவளைத் தெரிந்த பையன் ஒருவன் பைக்கில் கொண்டுவந்து விட்டான். "எங்க போன" என்று கேட்டதற்கு, "பருப்பு மவளுக்கு மாப்ள பாக்கப் போனேன்" என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் பெண்ணுக்கு அப்போதுதான் மீஞ்சூரில் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தோம். "உன்ன யாரு கேட்டா? அந்தக் குப்பத்துல போய் எம்பொண்ணு பேச்ச எடுத்தியா?" என்று தெருவிலேயே சண்டை போட்டேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, முந்தானையால் காலில் இருந்த மண்ணைத் துடைத்தாள். எப்போதும் எனக்கு ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுக்கிறவள் அன்றைக்கு ஏன் கொடுக்கவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நண்டுக்குத் தோன்றியது. அடுத்த நாள் நான் பள்ளிக்கூடத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது வந்தாள். உள்ளே வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, அத்தைக்கு இன்னாமோ ஆவுது."

"இன்னா ஆவுது? நல்லாத்தான கீது."

"வாயி நல்லா கீது அண்ணி. கைதான் நிக்குது. நண்டு ஒடைக்கறப்ப கொடுக்கு ரெண்டையும் ஒடைக்கறாங்க, அதுக்கப்புறம் கைய அப்டியே வெச்சிக்கினு என்னப் பாக்கறாங்க. நான் ஓட்டப் பிரிச்சா அவங்களும் பிரிக்கறாங்க. நான் நிறுத்தினா நிறுத்தறாங்க. எனக்கே அவங்கதான் கத்துக் குடுத்தாங்க."

"வயசானா அப்டித்தான்."

"டீத்தூளு ரெண்டு வாட்டி போடறாங்க. அடுப்பு எரியறத மறந்துட்டு வாசல்ல போய் உக்காந்துடறாங்க. நேத்து குளிச்சிட்டு வந்து பொடவய கையில வெச்சிக்கினு ரொம்ப நேரம் நின்னாங்க. நான் கட்டி வுட்டேன். ஒரு டாக்டராண்ட காட்டிடலாம்."

"எந்த டாக்டராண்ட?"

"மறதிக்குனு பாக்கற டாக்டரு கீறாங்களாம். எங்க ஊர்ல ஒருத்தர கூட்டிக்கினு போனாங்க."

எனக்கு அந்த நிமிஷம் பயம்தான் வந்தது. அது சின்னம்மாவை நினைத்து வந்த பயம் அல்ல. மீஞ்சூர் சம்பந்தி வீட்டுக்காரர்கள், பெண்ணின் வீட்டில் யாருக்கோ மூளையில் கோளாறு என்று கேள்விப்பட்டால் என்ன ஆகும் என்ற பயம். "மாமியாரப் பைத்தியம்னு சொல்றியா?" என்றேன். அவள் முகம் செத்துவிட்டது. "நான் அப்டிச் சொல்லல அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் புருஷனிடமும் சொல்லியிருக்கிறாள். "எங்கம்மா கிண்டல் பண்றாங்க, உனக்குப் புரியல. நீ வெளியூருக்காரி" என்றிருக்கிறான் அவன். இதற்குள் பேச்சு தெருவுக்கு வந்துவிட்டது. அந்த வீட்டை எழுதி வாங்கத்தான் மருமகள் கிழவியைப் பைத்தியம் ஆக்குகிறாள் என்று குழாயடியில் பேசினார்கள். நான் அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படி இல்லை என்று நான் சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே நின்றிருக்கும். குடம் நிரம்பியதும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் மகளின் நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். தட்டு மாற்றி முடிந்தது. பந்தியில் இலை விழ நேரமானது. புது மனுஷர்கள், பேச்சு ஓடவில்லை. எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுப் பெருமையைக் காட்ட என்னிடம் என்ன இருந்தது? சின்னம்மாதான் இருந்தாள். நானே போய் அவள் கையைப் பிடித்து இழுத்துவந்து நடுவில் நிறுத்தினேன்.

"எங்க சின்னம்மா ஆள பாத்ததும் பேரு வெப்பாங்க. ஊர்ல எல்லாருக்கும் அவங்க வெச்ச பேருதான். சின்னம்மா, சம்மந்தி வூட்டுக்காரங்களுக்குப் பேரு வெய்யி."

எல்லாரும் போனைக் கீழே வைத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஆசையாக, "எனக்கு வெய்யுங்கம்மா" என்று முன்னால் வந்தாள். சின்னம்மா அவளைப் பார்த்தாள். வழக்கமாக ஒரு கண் சுருங்கும். அன்றைக்குச் சுருங்கவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள். மாப்பிள்ளையின் சித்தப்பா, "எனக்கு" என்றார். பின்னால் இருந்து இன்னும் இரண்டு பேர், "ஆயா, எனக்கு, எனக்கு" என்றார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசியில் பந்தல் காலில் சாய்ந்து நின்ற நீலச் சட்டைக்காரனிடம் வந்து நின்றாள். மரியாதையாகக் கேட்டாள்.

"நீங்க மாப்ள வூட்டு ஆளா?"

அது அவள் மகன்.

பந்தலே அதிர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பு. "பெத்த புள்ளையவே கிண்டல் பண்றாங்க பாரு" என்று மாப்பிள்ளையின் அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மகன் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தான். நானும் சிரித்தேன். சின்னம்மா எங்களைச் சுற்றிப் பார்த்தாள். நாங்கள் சிரிப்பது தெரிந்ததும் அவளும் சிரித்தாள். ஆனால் அவள் கை என் முழங்கைக்கு மேலே பிடித்திருந்தது. நகம் பதிகிற அளவுக்கு இறுகியது. நான் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டு, பந்திக்கு இலை போடச் சொல்லப் போனேன். நண்டுதான் வந்து அவளைத் தோளோடு சேர்த்து அணைத்து உள்ளே கூட்டிப்போனாள்.

அப்பளக்கூடை எடுக்கச் சமையலறைக்குப் போனேன். கதவுக்கு அந்தப் பக்கம், பாத்திரம் கழுவும் இடத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்த நீல சட்ட யாருடி?" சின்னம்மா ரகசியமாகக் கேட்டாள்.

"உங்க புள்ள அத்தே."

"தெரியும். தெரியும்டி. சத்தம் போடாத." கழுவி வைத்த டம்ளரை எடுத்து மறுபடியும் கழுவினாள். பிறகு, "எல்லாம் சிரிச்சாங்க இல்ல?" என்றாள்.

"ஆமாத்தே. நீங்க கிண்டல் பண்ணீங்கன்னு நெனச்சிக்கினாங்க."

"அப்டியே நெனச்சிக்கட்டும். வெளிய யாராண்டயும் சொல்லிடாதடி. அசிங்கமா கீது."

நான் அப்பளக்கூடையைத் தொடாமலே திரும்பி வந்தேன். உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார எனக்கு ஆகவில்லை. வெளியே சம்பந்தி வீட்டார் இருந்தார்கள். பரிமாறும்போது யாரோ, "அந்தம்மா எங்க, ஜாலியான ஆளு" என்று கேட்டார்கள். "களைச்சிப் போச்சி, படுத்துட்டாங்க" என்றேன்.

அடுத்த நாள் நண்டிடம் நானே போனேன். "நீ சொன்னது சரிதான்" என்று சொல்லப் போனவள், "கல்யாணம் முடியற வரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் தலையாட்டினாள். அதுவரை சின்னம்மாவை மார்க்கெட்டுக்கு அனுப்பவில்லை. முட்டி வலி என்று சொல்லி வைத்தோம். தெருவில் கால் வைக்காமல் ஒருநாளும் இருந்திராதவள், நாலு சுவருக்குள் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சு குறைந்தது. பேச ஆள் இல்லாமல் குறைந்ததா, நோயில் குறைந்ததா என்று எனக்குத் தெரியாது. என் மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சின்னம்மா மண்டபத்துக்கு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மகன் வரவில்லை, லீவு கிடைக்கவில்லை என்றான். நண்டும் நானும் போனோம். டாக்டர் சின்ன வயசுப் பெண். பொறுமையாகப் பேசினார்.

"அம்மா, இது என்ன மாசம்?"

"ஏன், ஒங்க வூட்ல காலண்டரு இல்லியா?" என்றாள் சின்னம்மா. டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குள் ஒரு அசட்டு நம்பிக்கை வந்தது. இவ்வளவு பேசுகிறவளுக்கு என்ன ஆகிவிடும்?

டாக்டர் மூன்று வார்த்தைகளைச் சொன்னார். தென்னை, சைக்கிள், மஞ்சள். திருப்பிச் சொல்லச் சொன்னார், சொன்னாள். வேறு என்னென்னவோ கேட்டுவிட்டு, "அந்த மூணு வார்த்தை என்னம்மா?" என்றார்.

"உங்கிட்டதான குடுத்தேன். என்னக் கேட்டா?"

இந்த முறை டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரையச் சொன்னார். பெரிய வட்டமாகப் போட்டாள். பன்னிரண்டு போட்டாள், ஒன்று போட்டாள், அப்படியே எல்லா எண்ணையும் ஒரே பக்கமாக நெருக்கிக்கொண்டு போனாள். வட்டத்தின் மறுபக்கம் காலியாகக் கிடந்தது. எதுவோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பேனாவை வைத்துவிட்டு, உள்ளங்கையால் அந்தப் படத்தை மூடிக்கொண்டாள். டாக்டர் கேட்டும் கையை எடுக்கவில்லை.

"எவ்ளோ நாளா இப்படி இருக்காங்க?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இப்பத்தாங்க, கொஞ்ச நாளா" என்றேன்.

"ரெண்டு வருஷமா கீது டாக்டர்" என்றாள் நண்டு. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சின்னம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் எங்களிடம் விளக்கினார். பேர் மறப்பது, சாவியை எங்கோ வைப்பது எல்லாருக்கும் வருவதுதான். கொஞ்ச நேரத்தில் ஞாபகம் வந்துவிடும். தினமும் செய்கிற வேலையில் அடுத்தது என்ன என்று தெரியாமல் நிற்பது, பழகின வழி தவறுவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பொருளை இருக்கக்கூடாத இடத்தில் வைப்பது, நாலு பேர் நடுவில் போகப் பயந்து ஒதுங்குவது, இதெல்லாம் வெறும் வயசு இல்லை. சில பேருக்கு ரத்தத்தில் சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு என்று வேறு காரணம் இருக்கும். அதைச் சரிசெய்தால் மறதியும் குறையும். அதனால்தான் சீக்கிரம் பார்க்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, "பேச்சுத் திறமை உள்ளவங்ககிட்ட கண்டுபிடிக்கறது கஷ்டம். பேசியே மறைச்சிடுவாங்க. கூட இருக்கிறவங்கதான் கவனிக்கணும்" என்றார்.

பிறகு பரிசோதனைகள் எடுத்தார்கள். சத்துக் குறைவு கொஞ்சம் இருந்தது, அதற்கு ஊசி போட்டார்கள். ஆனால் அது மட்டும் இல்லை. இது மறதி நோய்தான், மெதுவாகக் கூடும், மாத்திரை கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும் என்று சொன்னார்கள்.

அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வரும்போது ரயிலில் சின்னம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அனுப்பம்பட்டு தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "ஊர்ல கேட்டா இன்னானு சொல்றது?" என்றாள்.

"கண்ணு டெஸ்ட்டுனு சொல்லிக்கலாம் சின்னம்மா."

"ஆங். கண்ணு டெஸ்ட்டு" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டாள். நண்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். அவள் எங்களுக்கு எதிரே, மடியில் ஆஸ்பத்திரிப் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை அவள் மாமியாரைக் கையைப் பிடித்து மார்க்கெட்டுக்கு நடத்திக் கூட்டிப்போனாள். எனக்குச் செய்தி வந்து நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பாதி நடந்து முடிந்திருந்தது. மார்க்கெட் பெண்கள் கூடையை வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். நண்டு நடுவில் நின்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்க அத்தைக்கு மறதி நோயி. பைத்தியம் இல்ல. டாக்டரு சொல்லிட்டாங்க. உங்களக் கூப்புடலன்னா கோச்சிக்காதீங்க, அவங்களுக்கு ஞாபகம் வரல. தப்பான பக்கம் போனா யாராவது கூட்டிக்கினு வந்து வுடுங்க. தெனம் இங்கதான் உக்காருவாங்க. வூட்ல பூட்டி வெச்சா சீக்கிரம் போய்டுவாங்க."

எங்கள் குடும்பத்து மானத்தை நடு மார்க்கெட்டில் போட்டு உடைக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. சின்னம்மா தலை குனிந்து நின்றாள். திக்கிப் பேசும் அந்த வலைக்காரர்தான் முதலில் நகர்ந்தார். ஒரு காலி ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, மேலே கோணிப்பையை விரித்து, "உ... உக்காரும்மா" என்றார். அவள் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு சில வருஷம் இருந்தாள். தினமும் அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பாள். விற்பனை எல்லாம் நண்டு பார்த்துக்கொண்டாள். எழுந்து நடக்கத் தொடங்கினால் கெஜம் பாய் கடையில் இருந்து ஒருவர் கூடவே நடந்துபோய்த் திருப்பிக் கூட்டிவருவார். மைக்செட் தன் வழக்கப்படி ஊரைக் கூட்டி, பாலத்தடியில் ஆயாவைப் பார்த்தால் யாரும் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று சொன்னார். மீஞ்சூர் சம்பந்திக்கும் விஷயம் போனது. மாப்பிள்ளையின் அம்மா ஒருநாள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். "எங்க மாமனாருக்கும் இதுதான் இருந்தது. முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றாள். நான் காபி போடப் போனேன்.

சின்னம்மா போய்விட்ட பிறகு அவளைப் பற்றி யார் பேசினாலும் அந்தச் சிரிப்புக் கதைகளைத்தான் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

கடைசி வருஷத்தில் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது மகனும் வந்தான். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அம்மாவோடு அவன் வெளியே போனது அன்றுதான். திரும்பும்போது பொன்னேரி பஸ்ஸில் சின்னம்மாவுக்குப் புடவை நனைந்துவிட்டது. இறங்கும்போதுதான் தெரிந்தது. பழவேற்காட்டில் ஷேர் ஆட்டோக்காரர் சீட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "வேற வண்டியில வாங்க" என்று கிளம்பிவிட்டார். சின்னம்மா இரண்டு கையாலும் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். எல்லாம் மறந்தும் அது மறக்கவில்லை அவளுக்கு.

மகன் தன் சட்டையைக் கழற்றினான். கம்பெனிச் சட்டை. அதை அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டினான். "வாம்மா, நடந்தே போலாம்" என்று, வெறும் பனியனோடு, கடைத்தெரு வழியாகப் பாலத்தை நோக்கி நடத்திக் கூட்டிப்போனான். நண்டு இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டாள். வழியில் யாரோ, "இன்னா ஆச்சி" என்று கேட்டார்கள். "பஸ்ல ஒண்ணுக்குப் போய்ட்டாங்க. வூட்டுக்குப் போய்க் குளிப்பாட்டணும்" என்று சாதாரணமாகச் சொன்னான்.

நான் பின்தங்கினேன். கடைத்தெருவில் பள்ளிக்கூடத்துப் பெற்றோர்கள் இருந்தார்கள், சக ஊழியர் ஒருவர் இருந்தார். பழக்கடையில் நின்று வாழைப்பழம் கேட்டேன். வீட்டில் ஒரு சீப்பு அப்படியே இருந்தது. அவர்கள் பாலத்தில் ஏறி, மறுபக்கம் இறங்குகிற வரைக்கும் காயா பழமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு தனியாக நடந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது சின்னம்மா குளித்து, தலை சீவி, உலர்ந்த புடவையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் சோறும் மீன் குழம்பும் இருந்தன. மகன் முள் எடுத்துக்கொண்டிருந்தான். நான் வாசற்படியில் நின்றேன். உள்ளே போகலாமா என்று தெரியவில்லை.

சின்னம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். புது மனுஷியைப் பார்க்கும் மரியாதையோடு முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வாங்கம்மா. யாரத் தேடறீங்க?"

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"ரொம்ப தூரம் நடந்து வந்தீங்களா? மொகம் வாடிப் போயி கீது. உள்ள வாங்க." நண்டைப் பார்த்து, "அவங்களுக்கு ஒரு தட்டு வெய்யி" என்றாள்.

நண்டு தட்டு வைத்தாள். சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். நான் அவர்கள் நடுவில் உட்கார்ந்தேன். கை சோற்றில் இருந்தது, எடுத்து வாயில் வைக்க முடியவில்லை. சின்னம்மா தன் தட்டிலிருந்து, மகன் முள் நீக்கி வைத்திருந்த மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"கூச்சப்படாதீங்க" என்றாள். "சாப்புடுங்க. நம்ம வூடுதான்."